நிலாவெளித் திமிங்கிலமா, கோணேசர் கோபுரமா?

நிலாவெளியில் திமிங்கிலமும் கோணேசர் கோயிலில் மாலைப் படமும் எடுக்க, சூப்பர்ஸூம் (லென்ஸைக் கழற்ற முடியாத, தூரத்தில் இருப்பதை வெகு கிட்டக் காட்டும் கமரா) வாங்குவதா, டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கமரா) வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். திமிங்கிலம்தான் முக்கியம் என்றால் சூப்பர்ஸூமையே வாங்குங்கள். நண்பரின் டிஎஸ்எல்ஆரில் அது எள்ளுப்போல வந்ததற்குக் கூடவே வரும் 18-55 லென்ஸ்தான் காரணமாக இருக்கும். அந்தப் படத்தின் விவரத்தில் குவியத் தூரத்தை (எண் கூடக் கூடப் பொருள் கிட்ட வரும்) பாருங்கள். 55 என்றிருந்தால் அந்த லென்ஸின் எல்லையே அதுதான், கமராவில் பிழையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு அந்த லென்ஸ் தாராளம், அவை கையில் இருப்பதைப் பறிக்கவே வரும்!

ஆனால் நீங்கள் கேட்ட மற்றது, கோணேசர் கோயில் மாலைப் படம், அங்கே சூப்பர்ஸூம் சறுக்கும். டிஎஸ்எல்ஆரின் சென்சர் (கமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் தகடு) பரப்பில் சூப்பர்ஸூமினதைவிடக் கிட்டத்தட்ட 12 மடங்கு பெரிது. இருட்டினால் சின்னச் சென்சரில் முகமெல்லாம் மா அப்பினதுபோல வரும்.

வாங்குமுன் கடை வாசலில் நின்று, எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையை முழு ஸூமில் எடுங்கள். அப்புறம் உள்ளே இருண்ட மூலையில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) 1600இல் வைத்து ஒன்று. இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாவதைச் சகிக்க முடியாவிட்டால் டிஎஸ்எல்ஆரும் தூரத்துக்கு எட்டும் 70-300 லென்ஸ் பாவித்தது ஒன்றும் தேடுங்கள், செலவு கூடும்.

ஒன்று: ஆடும் படகில் முழு ஸூம் போட்டால் திமிங்கிலத்தைத் தேடுவதிலேயே அது மூழ்கிவிடும். பாதி ஸூமில் பிடித்து, படம் ஆடாமல் வர ஷட்டர் வேகத்தை 1/1000 செக்கனில் வையுங்கள். உப்புத் தூவானத்துக்கு ஒரு பொலித்தீன் பையும் வேண்டும்.