நைஜீரியாவின் இஸ்லாமியத் தீவிரவாத இயக்கமான போகோ ஹராம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு வறுமைதான் காரணமா?

வறுமையும் ஒரு காரணம். ஆனால் அதே அளவு வறுமை நைஜீரியாவின் வட மாநிலங்கள் பலவற்றிலும் இருக்கிறது. என்னைக் கேட்டால், 2009-இல் அரசு நடந்துகொண்ட விதம்தான் பெரிய திருப்பம்.

வடகிழக்கில் போர்னோ மாநிலத் தலைநகர் மைடுகுரி. அங்கே முகமது யூசுஃப் என்ற மதப் பிரசங்கி 2002 வாக்கில் தொடங்கிய இயக்கம் இது. மேற்கத்தியப் படிப்பு பாவம், அரசு வேலை பாவம் என்று பேசினார். வேலையில்லாத இளைஞர்கள் திரண்டார்கள். கூட்டம் சேர்கிற இடத்தில் அரசியல்வாதிகளுக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

2009 ஜூனில் ஒரு சவ ஊர்வலம். பைக்கில் போன யூசுஃபின் ஆட்கள் ஹெல்மெட் போடவில்லை என்று பாதுகாப்புப் படையினர் மறித்தார்கள். தகராறு முற்றித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அடுத்த மாதமே பல ஊர்களில் காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. ராணுவம் இறங்கியது, சில நாட்களில் 700-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். யூசுஃபை ராணுவம் உயிரோடு பிடித்துப் போலீசிடம் ஒப்படைத்தது. சில மணி நேரத்தில் அவர் பிணம். தப்பியோடப் பார்த்தார் என்றது போலீஸ். வேறென்ன சொல்வார்கள்? பிடிபட்ட பின் அவரை விசாரிக்கும் வீடியோ பிறகு வெளியே வந்தது. விசாரணையும் தண்டனையுமாக முடிந்திருக்க வேண்டிய ஆளைத் தியாகி ஆக்கினார்கள்.

தலைமைக்கு வந்த அபுபக்கர் ஷெகாவ் யூசுஃபைவிடப் பல மடங்கு கொடூரமானவர். 2010-இல் பௌச்சி சிறையை உடைத்து சுமார் 700 கைதிகளை வெளியே விட்டார்கள். 2011-இல் நாட்டின் தலைநகர் அபுஜாவில் ஐ.நா. கட்டடத்தில் குண்டு. 2014-இல் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தினார்கள். 10 ஆண்டுகள் கழித்தும் 80-க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. மசூதி, சந்தை எதையும் விடவில்லை, சிறுமிகள் உடம்பிலேயே குண்டு கட்டி அனுப்பினார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

2015-இல் ஐ.எஸ். என்ற இஸ்லாமிய அரசு பயங்கரவாத அமைப்புடன் சேர்ந்தார் ஷெகாவ். மறு வருடமே ஐ.எஸ். அவரை ஓரங்கட்டி, யூசுஃபின் மகன் அபு முசாப் அல்-பர்னாவியைத் தலைவராக அறிவித்தது. இயக்கம் இரண்டானது. மகன் பக்கம் போனவர்கள் சாட் ஏரித் தீவுகளில் மீனவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் வரி வசூலித்துக் கிட்டத்தட்ட ஒரு நிர்வாகமே நடத்துகிறார்கள். ஷெகாவின் வெறியைவிட இதுதான் ஆபத்து என்பேன்.

ஷெகாவ் செத்துவிட்டார் என்று ராணுவம் பல முறை அறிவித்திருக்கிறது. கடைசியில் 2021 மே மாதம், சம்பிசா காட்டில் அல்-பர்னாவி பக்கம் போன எதிர்க்கோஷ்டி சுற்றி வளைத்தபோது அவர் குண்டை வெடிக்கச் செய்து செத்தார். அப்புறம் அவருடைய ஆட்கள் ஆயிரக்கணக்கில் சரணடைந்தார்கள். மிச்சமிருப்பவர்கள் ஏரித் தீவுகளுக்காக எதிர்க்கோஷ்டியோடு மோதிக்கொண்டிருக்கிறார்கள்.