கேள்வி – பதில்: ஓய்வு பெறும் சர்வோதய ஊழியருக்கு என்ன மரியாதை?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் நிலத் தகராறோ சாதித் தகராறோ, எது வந்தாலும் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்துவந்த, காந்திய வழிச் சர்வோதய இயக்க ஊழியர் ஒருவர் உடல்நலம் காரணமாக ஓய்வு பெறுகிறார். விழா எடுத்து மலர் வெளியிட இருக்கிறோம். மலரில் என்னென்ன இடம்பெற வேண்டும்?
– வாசகர், கீழ்வேளூர்

பதில்: எது இடம்பெறக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் இருபது பக்கத்துக்கு வாழ்த்துச் செய்தி வேண்டாம். அவரை ஒருமுறைகூடப் பார்க்காத பிரமுகர் ‘தன்னலமற்ற தியாகச் சுடர்’ என்று எழுதி அனுப்புவார். அதில் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த ஊர் மலருக்கும் ஆகும். ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கட்டும், அச்சுக்கூலி யார் தருவது?

இவரைப் போன்றவர்களைப் பற்றி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. வெட்டுக்குத்து நடந்தால் எஃப்.ஐ.ஆர். இருக்கும், பத்திரிகையில் செய்தி வரும். நடக்காமல் போன வெட்டுக்குத்துக்கு எந்த ஸ்டேஷனிலும் பதிவு கிடையாது. இவர் ஆயுள் முழுக்கச் சம்பாதித்தது அதுதான். ஆகவே அதை யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. ‘இரு தரப்பையும் பேச வைத்தார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். யார் வீட்டுத் திண்ணையில் பேசினார்கள்? முதல் நாள் யார் எழுந்து போனார்? அவரைத் திரும்ப அழைத்துவரப் போனது யார்? கடைசியில் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கினார்கள்? இதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள்.

உங்கள் பக்கத்தில் நிலமில்லாதவர்களுக்காக வேலை செய்த சர்வோதய ஊழியர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனையே எடுத்துக்கொள்வோம். 1926-ல் பட்டிவீரன்பட்டியில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். டி.வி.எஸ். குடும்பத்து மகளான சௌந்தரம் அம்மாளின் ஆதரவில் படித்தார். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று பிடிவாதமாக இருந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950-ல் மணந்தார். மாப்பிள்ளை வசதியான வீட்டுப் பிள்ளை, வேறு சாதி. கல்யாணமான கையோடு அவர் வடக்கே, நிலக்காரர்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபாவின் பூதான நடைப்பயணத்தில் சேரப் போய்விட்டார், இவர் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டிருந்தார். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். 2008-ல் தம்பதிக்குக் கிடைத்த ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல் 93 வயதில் இவருக்கு அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் என்று அடுக்கினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1981-ல் இந்தத் தம்பதி தொடங்கிய லாஃப்டி என்ற உழுபவர் நில உரிமை இயக்கம் நடந்த விதம். விற்க மனமுள்ள நிலக்காரரையும் அதே நிலத்தில் கூலி வேலை செய்பவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, கட்டுப்படியாகும் விலை பேசி, கடன் வாங்கிக் கிரயம் முடிப்பது. பிறகு கூட்டாகப் பயிர் செய்து கடனை அடைப்பது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வங்கிகள் கடன் தரத் தயங்கின. முத்திரைத்தாள் கட்டணம் வேறு கழுத்தைப் பிடித்தது. அப்படியிருந்தும் 2007-க்குள் ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் கைமாறியது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், பத்திரம் பெண்கள் பெயரில்.

நான் பத்திர எழுத்தராகக் காலம் தள்ளியவன், அதனால் இந்தக் கடைசிச் செய்தியில் கொஞ்சம் நிற்கிறேன். கிரயப் பத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுதும்போது ‘இன்னாருடைய மனைவி’ என்று சேர்த்துத்தான் எழுதுவோம். ஆனால் எழுதி வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்துவிட்டால், அவள் வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல் அந்த நிலத்தை யாரும் விற்க முடியாது. குடித்துவிட்டு வரும் புருஷனாலும் முடியாது. சாராயக்கடைக் கடனுக்கு நிலம் போவதைத் தடுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. பெருவிரலில் மையைத் தடவி ரேகை வைத்துவிட்டு, மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வரும் பெண்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெளியே வந்த பிறகு, ‘பத்திரம் எப்ப வரும்?’ என்று புருஷனிடம் கேட்க மாட்டார்கள், நேராக எங்களிடமே வந்து கேட்பார்கள்.

உங்கள் பெரியவர் தீர்த்துவைத்த விவகாரத்தில் நிலம் கைமாறியிருந்தால், சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதியோடு அந்தப் பத்திரத்தின் முதல் பக்கத்தை மலரில் போடுங்கள். எதிர்த்தரப்பில் இருந்தவர்களிடமும் ஒரு கட்டுரை வாங்குங்கள். அன்றைக்கு விட்டுக்கொடுத்தது அவர்களும்தானே.

கேள்வி: 44 பேரை உயிரோடு எரித்த மண்ணில் போய் கிருஷ்ணம்மாள் தம்பதி அகிம்சை, சமரசம் என்று பேசியதை எப்படி ஏற்றுக்கொள்வது? அது மிராசுதாரர்களைக் காப்பாற்றத்தானே உதவியது?
– வாசகர், திருவாரூர்

பதில்: கோபம் நியாயமானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பத்தார் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருக்க, அதைக் கொளுத்தினார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட் தண்டித்தவர்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்!

பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம். ‘அடித்தால் திருப்பி அடி’ என்று சொல்லிக்கொடுத்த சங்கம் அது. அந்தப் பெருமையைப் பிடுங்கிச் சர்வோதயக்காரர்களிடம் கொடுக்க நான் தயாராக இல்லை. கூலி கேட்கும் தைரியம் முதலில் வந்ததால்தான் பிற்பாடு நிலம் கேட்க முடிந்தது என்பதும் என் அபிப்பிராயம்.

ஆனால் சமரசம் என்ற சொல்லோடு நான் உடன்பட மாட்டேன். வெண்மணிக்குப் பிறகு அந்தத் தம்பதி கீழத்தஞ்சைக்கு வந்தது ஆறுதல் சொல்லிவிட்டுப் போக அல்ல. வலிவலத்தில் கோயில் நிலத்துக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் ஜெகந்நாதன் கைதானார். நிலக்காரரோடு பேசுவதும் அவர் நிலத்தில் போய் உட்காருவதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகள். பேச்சு மட்டும் இருந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி.

வெண்மணிக்குப் பிற்பாடு பழிக்குப் பழி எடுத்தவர்களைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் வெண்மணியின் பக்கத்து ஊர்களில் ஒரு கூலிக்காரப் பெண் பெயருக்குப் பட்டா மாற வேண்டுமென்றால், யாராவது ஒருவர் நிலக்காரர் வீட்டுப் படியேறித்தான் ஆக வேண்டும். ஒரு தலித் பெண் அந்தப் படியில் ஏறினார் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கேள்வி: இறால் பண்ணைகளை எதிர்த்த வழக்கில் ஜெகந்நாதன் ஜெயித்தாரே, பிறகு ஏன் கடற்கரையோரம் இன்னும் பண்ணைகள் இருக்கின்றன?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: இதையும் மலரில் எழுத வேண்டும் என்பேன். நெல் விளைந்த நிலத்தில் குட்டை வெட்டிக் கடல் தண்ணீரை ஏற்றினார்கள். பக்கத்து வயலில் உப்பு ஊறியது, குடிதண்ணீர்க் கிணறு உவர்த்தது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களுக்கு வேலை போயிற்று. ஒரு பண்ணைக்குக் காவலுக்கு எத்தனை பேர் வேண்டியிருக்கும்? எண்பது வயதை ஒட்டிய ஜெகந்நாதன் 1994-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும், பாரம்பரிய முறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு. சட்டப் புத்தகங்களில் இன்றும் அவர் பெயரிலேயே அந்த வழக்கு இருக்கிறது.

தீர்ப்பு காகிதத்தோடு நின்றது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ‘இடி’ என்பது ‘பதிவு செய்துகொள்’ என்று ஆகிவிட்டது. அப்புறம் என்ன, உங்கள் ஊரில் பார்க்கிறீர்களே. அவர் 2013 பிப்ரவரியில் காலமாகும்வரை இந்த வழக்கு முடிந்துவிட்டதாக யாரும் சொல்ல முடியவில்லை. வாழ்த்து மலர் என்பதற்காகத் தோற்றதை மறைத்தால், நாளைக்கு அதே வேலைக்கு வரும் பையன் முதல் தோல்வியிலேயே வீட்டுக்குப் போய்விடுவான்.

கேள்வி: அகிம்சைவாதிகளுக்குக் கோபமே வராதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நன்றாக வரும். பத்திரப் பதிவுக்கு வந்த கிழவியிடம் ‘மாமூல்’ கேட்ட ஆளை ஒரு சர்வோதயக்காரர் போட்ட சத்தத்தில், வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த நாங்கள் எழுந்துவிட்டோம். கை மட்டும் நீளவில்லை.

கேள்வி: ஓய்வு பெறுபவருக்குப் பணமுடிப்பு தரலாமா? வாங்கினால் உடனே யாருக்காவது கொடுத்துவிடுவார் என்கிறார்கள்.
– அதே கீழ்வேளூர் வாசகர்

பதில்: கொடுத்துவிடுவார், சந்தேகமே வேண்டாம். மேடையிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் மாத்திரைக்கு என்ன செய்வார்? பணத்தை அவர் கையில் தராதீர்கள். அவர் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் கணக்கு ஒன்று திறந்து, மாதாமாதம் யார் கட்டுவது என்று உங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனைக்கு ஒருவர் கூடப் போகட்டும். பொன்னாடை போடாமல் இருக்க உங்களால் முடியாது என்று தெரியும். போடுவதை நாகப்பட்டினம் பக்கத்துக் கைத்தறியாகப் பார்த்து ஒன்றே ஒன்று போடுங்கள். அதையும் அவர் யாருக்காவது கொடுத்துவிடுவார், கண்டுகொள்ளாதீர்கள்.