டெவிலுக்கு என்ன வேண்டும்?

அன்புள்ள ஐயா,

நானும் நான்கு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுக் கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டத்தை விளையாடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துகிறவன். போன ஆட்டத்தில் ஒரு சண்டை வந்துவிட்டது. பாழடைந்த கோட்டையின் நிலவறையில் சிக்கிய ஒரு டெவிலை எங்கள் விசார்ட் (மந்திரவாதியாக ஆடும் நண்பன்) 'பிளானர் பைண்டிங்' என்ற மந்திரத்தைப் போட்டுக் கட்டினான். "நான் திரும்பி வரும்வரை இந்தக் கதவு வழியாக யாரையும் உள்ளே விடாதே" என்று கட்டளையிட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது டெவில் அவனையும் மறித்தது. "நீ உள்ளே வந்தால்தான் திரும்பி வந்ததாகக் கணக்கு. அதுவரை யாரையும் விடக்கூடாது என்பது உன் கட்டளை" என்றது. எனக்கு அது பிரமாதமாகத் தோன்றியது. நண்பனுக்குக் கோபம். இப்போது அடுத்த கட்டளையை வாட்ஸாப்பில் இரண்டு பக்கத்துக்கு, கிரயப் பத்திரம் மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறான்.

இந்த மாதிரி பேரங்களை எப்படி நடத்துவது? பகடை தீர்மானிக்க வேண்டுமா, பேச்சா? வேதாளம் போன்ற நம்மூர் ஆட்களை இந்த விதிகளுக்குள் கொண்டுவரலாமா? இன்னொன்று, ஒரு நண்பனின் அம்மா மேஜையில் கிடந்த மந்திர வட்டத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் எங்கள் வீட்டில் இது வேண்டாம் என்கிறார். என்ன சொல்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் டெவிலின் வாதத்தைப் படித்து நானும் சிரித்தேன். ஆனால் விதிப்படி பார்த்தால் அது நிற்காது. பிளானர் பைண்டிங்கில் கட்டப்பட்ட பிராணி, மந்திரம் தீரும்வரை கட்டியவனின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தாக வேண்டும். முதல் கட்டளையோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. உங்கள் விசார்ட் கதவுக்கு வெளியே நின்றபடியே "சரி, இப்போது விலகு" என்று சொல்லியிருந்தால் அது விலகியிருக்க வேண்டும். அவனுக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த மந்திரத்தின் விவரிப்பை இன்னொரு முறை படியுங்கள். கட்டப்பட்ட பிராணி கட்டளையின் எழுத்துக்குக் கட்டுப்படும், ஆனால் அதற்கு உங்கள்மேல் பகை இருந்தால் உங்கள் வார்த்தைகளைத் திரிக்கப் பார்க்கும் என்று இருக்கிறது. எல்லா டி.எம்.களும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். வாக்கியம் அங்கே முடியவில்லை. எதற்காகத் திரிக்கும்? தன் சொந்த நோக்கத்தை நிறைவேற்றிக்கொள்வதற்காக. உங்களைக் கடுப்பேற்றுவதற்காக அல்ல. உங்கள் டெவிலுக்கு நோக்கம் என்று ஒன்று இருந்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது கதவை மறித்து அடைந்த லாபம் என்ன? ஒன்றுமில்லை. லாபம் உங்களுக்குத்தான், ஒரு நல்ல ஜோக் கிடைத்தது. நண்பனுக்கு வந்த கோபம் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஒரு டெவிலிடம் ஏமாந்தது வேறு, டி.எம்.மிடம் ஏமாந்தது வேறு.

இந்த விளையாட்டில் டெவில்களுக்கு என்ன வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். ஒன்பது நரகங்களும் ஒரு பெரிய அலுவலகம். மனித ஆன்மாக்களை ஒப்பந்தம் போட்டுப் பிடித்துக்கொடுத்தால் பதவி உயர்வு, சொதப்பினால் பதவி இறக்கம். இதை வைத்துக்கொண்டு அதே கதவுக்குப் போவோம். கட்டளை அதேதான்: யாரையும் உள்ளே விடாதே. டெவில் சொன்னபடி நிற்கிறது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவன் காணாமல் போன தன் தம்பியைத் தேடி வருகிறான். டெவில் அவனை உள்ளே விடவில்லை, ஆனால் பேசுகிறது. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. தம்பி எங்கே என்று எனக்குத் தெரியும், இந்தத் தோலில் ஒரு கையெழுத்துப் போடு என்கிறது. மறுநாள் விசார்ட் வருகிறான். கதவு பத்திரமாக இருக்கிறது, ஒரு ஈ எறும்பு உள்ளே போகவில்லை, டெவில் பணிவாக ஒதுங்கி வழிவிடுகிறது. இடுப்பில் மூன்று தோல் சுருள்கள் செருகியிருக்கின்றன. நேற்று அவை இல்லை. அவ்வளவுதான், நீங்கள் வேறெதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் நண்பன் தானாகவே "அது என்ன?" என்று கேட்பான். அடுத்த நான்கு வாரத்துக்குக் கதை கிடைத்துவிட்டது, யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை.

இப்படி நோக்கம் ஒன்று இருந்துவிட்டால் இரண்டு பக்கக் கிரயப் பத்திரத்தாலும் பெரிய தொந்தரவு இல்லை. எத்தனை ஷரத்து எழுதினாலும் அந்த டெவில் ஆன்மாவைத்தான் தேடும் என்று நண்பனுக்குத் தெரியும். அவன் எழுத வேண்டியது அந்த ஒரு ஓட்டையை அடைக்கிற வரி மட்டுமே. அதை அவன் கண்டுபிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், ஜெயிக்கட்டும்.

பேரத்தை எங்கே வைப்பது என்பதற்கும் அந்த மந்திரத்திலேயே இடம் இருக்கிறது. பிளானர் பைண்டிங் போட ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் பிராணி 60 அடிக்குள் இருக்க வேண்டும். கடைசியில்தான் அது கரிஸ்மா (ஆளுமை வலிமை) சேவிங் த்ரோ, அதாவது மந்திரத்திலிருந்து தப்பிக்கும் பகடை, போடும். டெவில்கள் பெரும்பாலானவற்றுக்கு மந்திரத்தை எதிர்க்கும் சக்தி உண்டு, அதனால் இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும். தப்பிவிட்டால் 1,000 பொற்காசு மதிப்புள்ள ரத்தினம் புகைந்துபோனதுதான் மிச்சம். நம் ஆட்கள் இதை "ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, சேவ் போடு" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். விசார்ட் மந்திரத்தில் மூழ்கியிருக்கிறான், கவனம் சிதறினால் கெட்டது. டெவில், அதைச் சிறைவைக்க முதலில் போட்ட மேஜிக் சர்க்கிள் என்ற மந்திர வட்டத்துக்குள் நிற்கிறது, அதற்கு வாய் இருக்கிறது. அது யாரிடம் பேசும்? சும்மா நிற்கும் மற்ற மூன்று பேரிடம். கிளெரிக்கிடம் (பூசாரிப் பாத்திரம்) ஒன்று, திருடனிடம் வேறொன்று. இந்த வட்டத்தின் ஓரத்தில் அந்த வெள்ளிப் பொடியைக் காலால் லேசாகத் தேய்த்துவிட்டால் உனக்கு என்ன தருவேன் தெரியுமா என்று. போதாததற்கு, சாதாரணமாகப் போடும் மேஜிக் சர்க்கிள் ஒரு மணி நேரம்தான் நிற்கும். பைண்டிங்குக்கும் ஒரு மணி நேரம். வட்டத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் மந்திரத்தை ஆரம்பிக்க முடியும் என்பதால், வட்டம் முந்திக்கொண்டு கலையும். அதை நான்காம் நிலை ஸ்லாட்டில் (இன்னும் பெரிய மந்திரத்துக்கான வாய்ப்பைச் செலவழித்து) போட்டால் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும். விவரம் தெரிந்த கிளெரிக் அப்படித்தான் போடுவார். தெரியாதவர் போட்டால் அந்தக் கடைசி நிமிஷத்தை நிதானமாக நடத்துங்கள்.

பகடையா, பேச்சா என்ற கேள்விக்கு நான் பழைய பதிப்பு ஒன்றைக் காட்டுவேன். 2003-இல் வந்த மூன்றரைப் பதிப்பில் இதே பிளானர் பைண்டிங் முற்றிலும் வேறு மாதிரி வேலை செய்தது. முதலில் பிராணியை வட்டத்துக்குள் சிக்கவைக்க வேண்டும். அப்புறம் உனக்கு என்ன வேலை, பதிலுக்கு என்ன தருவேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கரிஸ்மா உருட்டுவார்கள். கேட்கிற வேலையையும் தருகிற கூலியையும் பார்த்து டி.எம். உங்கள் உருட்டலுக்கு 0 முதல் 6 வரை கூட்டித் தருவார். அது மறுத்தால் 24 மணி நேரம் கழித்து அதே விலையையோ புது விலையையோ சொல்லிப் பார்க்கலாம். நடக்கவே நடக்காத காரியத்துக்கும் அநியாயமான கோரிக்கைக்கும் எத்தனை உருட்டினாலும் ஒத்துக்கொள்ளாது. பகடையில் 1 விழுந்தால் கட்டு அறுந்தது, பாயலாம், ஓடலாம். தினமும் தப்பிக்க அதற்கும் ஒரு வாய்ப்பு உண்டு. வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு பழிவாங்கவும் வரலாம் என்று விதியே சொல்கிறது.

எனக்கு இது ஐந்தாம் பதிப்பைவிடப் பிடிக்கும். அதில் பேச்சுக்கும் பகடைக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. என்ன தருகிறாய் என்பது பேச்சு, அதற்கு எண் உண்டு. எவ்வளவு உறுதியாகச் சொன்னாய் என்பது பகடை. உங்கள் மேஜையில் வாய் சாமர்த்தியம் இல்லாத நண்பர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் திக்கித் திணறிச் சொன்னாலும், சொன்ன விலை சரியான விலையாக இருந்தால் 6 கிடைக்கும். மணிப்பிரவாளத்தில் வசனம் பேசிவிட்டு உருப்படியாக எதுவும் தராதவருக்கு 0. அந்த 0 முதல் 6 வரை என்பதை அப்படியே எடுத்து உங்கள் ஆட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

கட்டாமலே கூலி கொடுத்து அழைக்கிற மந்திரமும் ஐந்தாம் பதிப்பில் இருக்கிறது, பிளானர் அல்லை (Planar Ally). இங்கே கட்டாயம் கிடையாது, வருகிற ஆள் சம்மதித்தால்தான் வேலை. விலைப்பட்டியல் கால்டாக்ஸி பேக்கேஜ் மாதிரி: நிமிஷக் கணக்கு வேலைக்கு நிமிஷத்துக்கு 100 பொற்காசு, மணிக்கணக்கு வேலைக்கு மணிக்கு 1,000, நாள் கணக்குக்கு நாளுக்கு 10,000, அதிகபட்சம் பத்து நாள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினோரு நிமிஷ வேலைக்கு 1,100 ஆகிறது, ஒரு மணி நேர வேலைக்கோ 1,000-தான். உங்கள் பத்திர நண்பன் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பட்டியலுக்குக் கீழே இருப்பதுதான் முக்கியம். வேலை அந்தப் பிராணியின் கொள்கைக்கு ஒத்துப்போனால் பாதி விலைக்கோ இலவசமாகவோ செய்யும். ஆபத்தில்லாத வேலைக்குப் பெரும்பாலும் பாதி. உயிரைக் கொடுக்கிற வேலைக்கு அனேகமாக ஒத்துக்கொள்ளாது. இங்கேயும் அது எதை விரும்புகிறது என்று தெரியாமல் விலை சொல்லவே முடியாது.

வேறு விளையாட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஷேடோரன்னின் நான்காம், ஐந்தாம் பதிப்புகளில் ஆவியை அழைத்தால், உருட்டலில் நீங்கள் எத்தனை வித்தியாசத்தில் முந்துகிறீர்களோ அத்தனை சேவை அது கடன்படும். சுத்தமான கணக்கு, எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ரான் எட்வர்ட்ஸ் எழுதி 2001-இல் புத்தகமாக வந்த சார்சரர் இதற்கு நேர் எதிர். அந்த விளையாட்டு முழுவதுமே இந்த பேரம்தான். ஒவ்வொரு டீமனுக்கும் ஒரு ஆசை, ஒரு தேவை. தேவையைத் தீர்க்காமல் பட்டினி போட்டால் அது முரண்டு பிடிக்கும். கட்டும் சடங்கு தோற்பதே இல்லை என்பது அதில் உள்ள விசேஷம். கட்டு விழத்தான் செய்யும். பகடை சொல்வது, அந்தக் கட்டில் கை ஓங்கியிருப்பது உங்களுக்கா அதற்கா என்பதை மட்டும். எதிராளிக்கு அனுகூலமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அது தெரிந்தும் கூடவே குடித்தனம் நடத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்கு அது கொஞ்சம் கனம், ஆனால் டி.எம். ஆக இருப்பவர் ஒரு முறையாவது படிக்க வேண்டியது.

2017-இல் வந்த பிளேட்ஸ் இன் த டார்க்கிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத் திருடலாம். அங்கே கூடுதலாக ஒரு பகடை வேண்டும் என்றால் அதற்கு ஒரு சங்கடத்தை விலையாக ஏற்க வேண்டும். அந்த விலையை டி.எம். மட்டுமல்ல, மேஜையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உருட்டல் எப்படிப் போனாலும் அந்தச் சங்கடம் வந்தே தீரும். உங்கள் டெவில் என்ன கேட்கும் என்று மற்ற நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். நண்பர்கள் சொல்கிற விலை டி.எம். சொல்வதைவிடக் கொடூரமாக இருக்கும். ஆனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வேதாளத்தைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள், டெவிலின் விதிகளை மட்டும் அதற்கு மாட்டாதீர்கள். வேதாளத்துக்கு ஆன்மாவும் வேண்டாம், பொற்காசும் வேண்டாம். விக்கிரமாதித்தன் சுமந்துகொண்டு போகும்போது அது போடும் நிபந்தனை இரண்டே: வாயைத் திறந்தால் மரத்துக்குத் திரும்பிவிடுவேன், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை சுக்குநூறாகும். இரண்டும் முன்கூட்டியே சொல்லப்பட்டவை, இதில் திரிக்க ஒன்றுமில்லை. அதற்கு வேண்டியது ஒரு நல்ல பதில். கதையைச் சொல்லி முடித்துவிட்டு நண்பனின் முகத்தைப் பாருங்கள். சேவிங் த்ரோ எதுவும் வேண்டாம்.

கடைசியாக, அந்த அம்மா. இந்தப் பயம் புதிதல்ல. 1978-இல் வந்த பழைய விதிப் புத்தகத்தில் டீமனை அழைக்கும் ஒரு மந்திரத்துக்கு ஐந்து கறுப்பு மெழுகுவர்த்தி, கந்தகம், ஒரு தட்டில் ரத்தம் என்றெல்லாம் சாமான் பட்டியலே இருந்தது. அமெரிக்காவில் 80-களில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோகிறது என்று பெரிய கூச்சல். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டெவில், டீமன் என்ற பெயர்களையே எடுத்துவிட்டு பாட்டெசு, டனாரி என்று வாயில் நுழையாத பெயர்களை வைத்தார்கள். மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. இந்த வரலாற்றையெல்லாம் அவரிடம் சொல்லி வாதாடாதீர்கள், அவர் வீடு, அவர் இஷ்டம். வேறு வீட்டில் விளையாடுங்கள். அங்கேயும் சாக்பீஸால் தரையில் வட்டம் போட வேண்டாம். மேஜிக் சர்க்கிளின் ஆரம் பத்து அடிதான், ஒரு கட்டம் ஐந்து அடி என்று வைத்தால் கட்டம் போட்ட தாளில் நான்குக்கு நான்கு போதும்.