தரை துடைப்பவரும் உயரத்தில் ஏறுபவரும்

கேள்வி: ஐந்து பேரை வைத்து அலுவலகங்களைச் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில் நடத்துகிறேன். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் பிரீமியம் இந்த ஆண்டு எகிறிவிட்டது. குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் பாலிசியை எடுத்து, உங்கள் ஆட்களை எந்த வேலைப் பிரிவில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பொதுவாக மொத்தச் சம்பளத்தையும் வேலையின் ஆபத்தையும் வைத்தே பிரீமியம் போடுகிறார்கள். தரை துடைப்பவருக்கும், கயிற்றில் தொங்கி வெளிக்கண்ணாடி துடைப்பவருக்கும் ஒரே விகிதம் இருக்க நியாயமில்லை. ஒருவர் மட்டுமே உயரத்தில் ஏறுகிறார் என்றால் அவருடைய சம்பளக் கணக்கைத் தனியாக வைத்து, பிரீமியத்தைப் பிரித்துப் போட முடியுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். ஆனால் ஏறுபவரை மறைக்காதீர்கள். அவர் விழுந்த அன்றே குட்டு வெளிப்பட்டுவிடும்.

சம்பளத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆண்டு முடிவில் சம்பளப் பதிவேட்டைச் சரிபார்த்து, விட்டுப்போனதைக் கறாராக வசூலிக்கும் நிறுவனங்கள் உண்டு. வேலையை வெளி ஆளிடம் ஒப்பந்தத்துக்கு விட்டால் அவருடைய காப்பீட்டுச் சான்றிதழின் நகலை வாங்கி வையுங்கள்; இல்லாவிட்டால் அவருடைய ஆட்களுக்கான பொறுப்பும் உங்கள் தலையில் ஏறலாம்.

பழைய விபத்துக் கோரிக்கைகளும் விகிதத்தை உயர்த்தக்கூடும். உங்கள் தொழிலில் வழுக்கி விழுவதும் முதுகுப் பிடிப்பும்தான் வழக்கமான வில்லன்கள். ரப்பர் அடிச் செருப்பும் சக்கரம் வைத்த வாளியும் வாங்கிக் கொடுங்கள்.