டிராக்டர் எஞ்சினும் தண்டவாளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1920களில் ஃபோர்ட்சன் டிராக்டரை இரும்புச் சட்டத்துக்குள் இறக்கி, குறுகிய தண்டவாளத்தில் ஓடவிட்ட சின்ன ரயில் எஞ்சின்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ஒன்றின் மாதிரியை 1:35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) செய்யத் தொடங்கினேன். சட்டத்தில் ரிவெட் எல்லாம் வைத்தாயிற்று. உள்ளே இருக்கும் டிராக்டர் எஞ்சின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். எவ்வளவு செய்தாலும் ஏதோ விட்டுப்போனது போலவே இருக்கிறது. நுணுக்கம் எதுவரை போக வேண்டும்?

க.

அன்புள்ள க.,

ஒரு பாகம் என்ன வேலை செய்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் அதைச் செய்யுங்கள். சொல்ல முடியவில்லையென்றால், புகைப்படத்தில் தெளிவாகத் தெரிந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். என்னவென்று கண்டுபிடித்த பிறகு செய்யலாம். நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.

ஃபோர்ட்சன் இதற்கு அருமையான பாடம். எஞ்சினுக்குப் பக்கமூடி கிடையாது, எல்லாமே வெளியே தெரியும். தண்ணீர் பம்பும் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலேறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறியது கீழ்வழியாகத் திரும்பும். அதனால்தான் அந்த ஹோஸ்கள் அவ்வளவு பருமன். மெல்லிய கம்பியை வளைத்து வைத்தால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆகவே எஞ்சின்மேல் இருக்கும் பெரிய டாங்குடன் பெட்ரோலுக்கென்று ஒரு சின்ன டாங்கும் உண்டு. இரண்டிலிருந்தும் வரும் குழாய்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பென்சிலால் வரைந்து பாருங்கள். பாதியில் நிற்கும் குழாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிளக் ஒயருக்கு, பழைய மின்சார ஒயரைப் பிரித்தால் கிடைக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். 0.2 மி.மீ. என்றால் நிஜத்தில் 7 மி.மீ., சரியாக இருக்கும்.

முன்பக்கம் கையால் சுற்றும் கிராங்க். சட்டத்தின் முன்தகடு அதன் வழியில் குறுக்கிட்டால், கைப்பிடி நுழைய அதில் ஒரு துளை வேண்டும். உங்கள் மாதிரியில் விட்டிருக்கிறீர்களா?

நான் மிகவும் வற்புறுத்துவது இன்னொன்று. டிராக்டருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. எஞ்சின், கியர்பெட்டி, பின்அச்சு மூன்றையும் போல்ட் போட்டு இணைத்தால் அதுவே உடம்பு. எல்லாம் வார்ப்பிரும்பு, விளிம்புகள் மழுங்கியிருக்கும், மேற்பரப்பு சொரசொரப்பு. சுற்றியுள்ள ரயில் சட்டமோ வெட்டிய எஃகுத் தகடு. அதன் விளிம்பு கூர்மை, பரப்பு வழுவழுப்பு. இந்த இரண்டும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வார்ப்புப் பாகங்களின் விளிம்பை லேசாகத் தேய்த்துவிட்டு, திரவப் புட்டியை (இடைவெளி அடைக்கும் பூச்சு) விறைப்பான தூரிகையால் குத்திக் குத்தித் தடவுங்கள். தகடுகளைத் தொட வேண்டாம். ரிவெட்டை விட இந்த வேறுபாடுதான் எஞ்சினை நிஜமாக்கும்.

சட்டம் ஏன் அவ்வளவு கனம் என்று யோசித்தீர்களா? டிராக்டரின் எடை சுமார் 1.2 டன்தான். எஃகு மேல் எஃகு உருளும்போது அது பிடிமானத்துக்குப் போதாது. எனவே எடையைச் சட்டத்தில் ஏற்றினார்கள். இவ்வளவு வம்பு எதற்கு என்றால், விலைதான். 1922இல் ஃபோர்ட்சன் 395 டாலருக்கு இறங்கியது. 1917இல் தொடங்கி, அமெரிக்காவில் தயாரிப்பு நின்ற 1928க்குள் 7 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. பென்சில்வேனியாவின் புரூக்வில், மான்செஸ்டரின் முயர் ஹில் போன்ற நிறுவனங்கள் புதிய எஞ்சின் வடிவமைக்காமல் இதையே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி வைப்பதாக இருந்தால், எட்ச் செய்த (அமிலத்தால் அரித்து வடிவம் வெட்டிய) பித்தளைத் தகடுகளை அடுக்கி ஒட்டுவது நல்லது. பெயின்ட்டில் துருவைக் கொட்டாதீர்கள். வேலையில் இருந்த எஞ்சின் என்றால் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு பளபளக்கும். பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் பழுப்புத் தூள், டாங்கின் மூடியைச் சுற்றி எண்ணெய்க் கறை, எக்சாஸ்ட்டில் வெந்த இரும்பின் நிறம். அவ்வளவு போதும்.

அப்புறம், பிரைமர் (பெயின்ட்டுக்கு அடிப்பூச்சு) அடிப்பதற்கு முன்பு ஒரு படம் அனுப்புங்கள். பித்தளையும் செம்பும் வெள்ளைப் பிளாஸ்டிக்கும் கலந்து நிற்கும்போதுதான் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சரிபார்க்க முடியும்.