சாக்கடை ஓடாத ஊருக்குப் பூங்கா எதற்கு?

கேள்வி: எங்கள் ஊரில் சாக்கடையே ஒழுங்காக ஓடவில்லை. இதில் காலனிப் பக்கம் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று வரிப்பணத்தைக் கொட்ட வேண்டுமா? பிள்ளைகளோ செல்போனை விட்டு நிமிர்வதே இல்லை.
- வாசகர், சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்

பதில்: நிமிர்ந்தால் எங்கே போவார்கள், சொல்லுங்கள். உங்கள் பக்கம் இரண்டாம் போகம் அறுத்ததும் வயல்தான் பையன்களுக்கு மைதானம். அறுத்த தாளை மிதித்துச் சமன் செய்து, கல்லை ஸ்டம்பாக அடுக்கி, ஏப்ரல், மே முழுக்க ஆடுவார்கள். ஜூனில் மழை பிடித்து உழவு தொடங்கியதும் ஆட்டம் ரோட்டுக்கு வந்துவிடும். "பஸ் வருது, தள்ளுடா" என்று அவர்களை விரட்டுவதும் நாம்தான். வசதியான வீட்டுப் பையன்கள் பங்கு போட்டு செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். காலனிப் பையனுக்கு அதற்கு வழியில்லை. பெண் பிள்ளைகளுக்கோ வயலும் இல்லை, ரோடும் இல்லை.

பூங்கா ஒன்றும் நகராட்சி போடும் தர்மம் அல்ல. 1992-இன் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கான வேலைப் பட்டியலில் குடிநீர், துப்புரவோடு பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பாலக்காடு நகரமும் இடம்பெற்ற அம்ருத் என்ற மத்திய அரசின் நகர வசதித் திட்டம் 2015-இல் வந்தபோது, அதன் பணத்தில் பூங்காக்களுக்கு என்று வைத்த உச்சவரம்பு 2.5 சதவீதம். குடிநீரும் கழிவுநீரும்தான் அதில் பெரும்பங்கு. ஆகவே உங்கள் சாக்கடைப் பணத்தைப் பூங்கா தின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். சாக்கடைக்குத் தனியாகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

ஆனால் பணம் வீணாகிற இடம் ஒன்று உண்டு. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் நீரூற்றும் வைக்கக் காசு இருக்கும். ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் மாற்றக் காசு இருக்காது. காலையில் வாக்கிங் வருகிறவர்களுக்குத் திறந்து, ஒன்பது மணிக்குப் பூட்டி, பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் பூட்டியே கிடக்கும் பூங்காக்களை எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். யாருக்காகக் கட்டினார்களாம்?

1996-இல் ஊர்த் திட்டங்களை மக்களே கூடித் தீட்டும் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்த மாநிலம் உங்களுடையது. அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்க, வார்டு வாக்காளர்கள் கூடும் வார்டு சபை உங்களுக்கு இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம், கூச்சம் வேண்டாம். அடுத்த முறை போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பூங்கா வாட்ச்மேனுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? அந்தத் திட்டப் பணத்தில் பெண்களுக்கென ஒதுக்கும் 10 சதவீதத்தில் பெண் பிள்ளைகள் விளையாட எவ்வளவு? அப்புறம், மாலை நாலு மணிக்கு கேட் சாவி யார் கையில் இருக்கும்?