பித்ரு காரியத்துக்கு ஏன் ஆத்தங்கரை? புராணத்துல காரணம் இருக்கா?

வீட்லயே தர்ப்பணம் கொடுக்கலாமே, எதுக்கு ஆத்துக்கு ஓடணும்னு கேட்டிருக்கீங்க. வீட்லயும் தாராளமா கொடுக்கலாம். ஆனா பித்ருக்களையும் நதியையும் சேர்த்து கதை நெறைய இருக்கு.

பகீரதன் கதை எல்லாருக்கும் தெரியும். கபிலர் கோபத்துல சாம்பலான சகரனோட 60,000 பிள்ளைங்களுக்கு சாதாரண தண்ணி பத்தாது, கங்கைதான் வேணும்னு கருடன் சொல்லிடுவார், அதுக்காக அம்சுமான், திலீபன்னு ரெண்டு தலைமுறை பார்த்தும் நடக்காம பகீரதன் தவம் பண்ணி கொண்டுவந்தான். வால்மீகி பாலகாண்டத்துலயே இருக்கு.

எனக்கு அதைவிட பீகார்ல இருக்கற கயாவுல பல்கு நதி கதைதான் புடிக்கும் (நம்மாளுங்க பல்குனின்னு சொல்வாங்க). இது வால்மீகில கிடையாது, அந்த ஊர்ல சொல்றது. ராமரும் லட்சுமணரும் திதிக்கு சாமான் வாங்கப் போயிட்டாங்க, நேரம் தாண்டுது, அப்ப மணல்லேந்து தசரதர் கை நீளுது, பசிக்குதும்மாங்கறார், சீதை கைல ஒண்ணுமே இல்ல, ஆத்து மணலையே புடிச்சு பிண்டமா வெச்சுட்டா. ராமர் வந்து நம்பல. சாட்சிக்கு கூப்பிட்டா பல்கு, பசு, துளசி, பண்டா (அந்த ஊர் புரோகிதர்) எல்லாரும் கூசாம மாத்திப் பேசறாங்க, ஆலமரம் மட்டும்தான் நடந்ததை சொல்லுது. அதுதான் அட்சயவடம். பல்குவுக்கு, நீ இனிமே மணலுக்கு அடியிலதான் ஓடணும்னு சாபம்.

பாருங்க, இங்க ஆறு பாவம் கழுவற இடமா வரவே இல்ல. செத்தவங்க வந்து வாங்கிக்கற இடம், அதுக்கு சாட்சியும் அதேதான். அந்த சாட்சி பொய் சொன்னதுக்குத்தான் இவ்ளோ பெரிய தண்டனை. ஆத்துல நின்னு பேர் கோத்திரம் சொல்லி எள்ளும் தண்ணியும் விடறதை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கறேன், சாஸ்திரம் படிச்சவங்க வேற சொல்லலாம்.

நெஜத்துலயும் பல்கு மழைக்காலம் தவிர வெறும் மணல்தான், தோண்டினா தண்ணி ஊறும். 2022ல விஷ்ணுபாதம் கோயில் பக்கத்துல ரப்பர் டேம் கட்டி தண்ணி தேக்கி வெச்சிருக்காங்க, சீதை சாபத்துக்கு பீகார் அரசாங்கம் பண்ண பரிகாரம்னு எங்க வீட்ல கிண்டல் பண்ணுவோம்.

கயாவுக்குப் போறதா இருந்தா அட்சயவடத்துல ஒரு காய், ஒரு பழம் இனிமே சாப்பிட மாட்டேன்னு விட்டுட்டு வரணும்பாங்க, முன்னாடியே யோசிச்சு வெச்சுக்குங்க. எங்க சித்தப்பா பாகற்காய விட்டார், அவர் என்னிக்குமே அதைத் தொட்டதில்லன்னு சித்தி இன்னும் சொல்லிக் காட்டறாங்க.